இறந்தவர் இப்போது எங்கே? சமயங்கள் கணித்த இடைக்காலம்

புறநானூற்றின் 234ஆம் பாட்டில் ஒரு சிறு காட்சி வருகிறது. வேள் எவ்வி இறந்துவிட்டான். அவன் மனைவி பெண்யானையின் காலடி அளவுக்குத் தரையை மெழுகி, புல்லைப் பரப்பி, அதன்மேல் சிறிய பிண்டம் ஒன்றை வைக்கிறாள். பாடியவர் வெள்ளெருக்கிலையார். பலரோடு சேர்ந்து உண்டே பழகியவன் இந்த ஒரு கவளத்தை எப்படி உண்டிருப்பான் என்று கேட்டு அவர் நொந்துகொள்கிறார். துக்கத்தில் எழுந்த கேள்விதான். ஆனால் சற்று அழுத்திக் கேட்டால், சமய வரலாற்றில் இன்றுவரை தீராத ஒரு வழக்கு அதற்குள் இருப்பது தெரியும். உண்பதற்கு அவன் அங்கே இருக்கிறானா? இருந்தால் எத்தனை நாள் இருப்பான்? போய்விட்டான் என்றால் பிண்டம் யாருக்கு?

மறுமையைப் பற்றிய ஒப்பாய்வுகள் பெரும்பாலும் முடிவிடங்களையே பேசுகின்றன: சொர்க்கம், நரகம், மறுபிறப்பு, வீடுபேறு, உயிர்த்தெழுதல். அதற்கு முந்திய கட்டம், அதாவது மூச்சு நின்ற நேரத்துக்கும் இறுதி நிலைக்கும் நடுவிலுள்ள காலம், பின்னிணைப்புபோல ஓரிரு பத்திகளில் முடிந்துவிடுகிறது. சாவு வீட்டில் நடக்கும் காரியங்களில் பெரும்பகுதி அந்த நடுக்காலத்தைக் குறித்தவை. சமயங்கள் ஒன்றோடொன்று மோதியதைவிடத் தமக்குள்ளேயே கடுமையாக மோதிக்கொண்டதும் அதைப் பற்றித்தான்.

மோதலுக்குக் காரணம் இரண்டு நம்பிக்கைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பது. அவரவர் செய்ததை அவரவரே அனுபவிக்க வேண்டும் என்பது ஒன்று. நீதி அதைக் கேட்கிறது. போனவருக்கு நாம் ஏதாவது செய்தாக வேண்டும் என்பது மற்றொன்று. உறவு அதைக் கேட்கிறது. இடைக்காலம் என்ற ஒன்றை ஏற்றால் இரண்டாவதற்கு வழி பிறக்கிறது. மறுத்தால் முதலாவது மட்டும் மிஞ்சுகிறது. ஒவ்வொரு சமயமும் இந்த இரண்டையும் எப்படிச் சமாளித்தது, சமாளிப்பில் எங்கே ஓட்டை விழுந்தது என்பதே இங்கே பார்க்கப்படுவது.

பிண்டமும் மறுபிறப்பும்

ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் வரும் யமன் பாசக்கயிற்றோடு வரும் தண்டனைக்காரன் அல்லன். இறந்தவர்களில் முதல்வன், போகும் வழியைக் கண்டுபிடித்தவன். அவனோடு வாழப் போன முன்னோருக்கு அவி படைப்பது பிள்ளைகளின் கடமை. மறுபிறப்பு என்ற கொள்கை அங்கே தெளிவாக இல்லாததால் முரண்பாடும் இல்லை.

உபநிடதங்களில் நிலைமை மாறுகிறது. பிருகதாரணியகத்திலும் சாந்தோக்கியத்திலும் பிரவாகண ஜைவலி என்ற அரசன், இறந்தவர்கள் எங்கே போகிறார்கள், எப்படித் திரும்புகிறார்கள், அந்த உலகம் ஏன் நிரம்பிவிடுவதில்லை என்று சுவேதகேதுவை மடக்குகிறான். விடை ஒரு நீண்ட பயணமாக விரிகிறது: புகை, நிலவு, மழை, பயிர், உணவு, வித்து, கருப்பை. அதே பிருகதாரணியகத்தின் இன்னோர் இடத்தில், புல்லின் நுனிக்கு வந்த புழு அடுத்த புல்லைப் பற்றிக்கொண்டு முதற்புல்லை விடுவதுபோல உயிர் உடல் மாறுகிறது என்று வருகிறது. ஒரே நூலில் ஓரிடத்தில் நெடும்பயணம்; இன்னோரிடத்தில் இடைவெளியே இல்லை.

சடங்கு நூல்கள் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேடிக் காத்திருக்கவில்லை. அவை தம் போக்கில் நாள்கணக்கு வகுத்தன. கருட புராணத்தின் பிரேத காண்டத்தின்படி, எரிந்த உடலுக்குப் பதிலாக இறந்தவருக்கு வேறோர் உடல் வேண்டும். அதை மகன் இடும் பிண்டங்களே உண்டாக்குகின்றன. முதல் நாள் பிண்டத்தால் தலை உருவாகிறது. பத்தாம் நாள் பிண்டத்தால் பசியும் தாகமும் வருகின்றன. அதன்பிறகு 86,000 யோசனைத் தொலைவு, வைதரணி ஆறு, இடையிடையே ஊர்கள், ஓராண்டு முடிவில் யமபுரி. சபிண்டீகரணத்தில் இறந்தவருக்கான பிண்டத்தை மூன்றாகப் பிரித்து, தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகிய மூவரின் பிண்டங்களோடு சேர்க்கிறார்கள். அந்தக் கணத்தில் பிரேதம் பிதிராகிறது. வரிசையில் மேலே இருந்தவர் ஒருவர் பெயர் சொல்லி அழைக்கப்படும் நிலையிலிருந்து விலகுகிறார். ஆண்டு முடிவில் செய்யவேண்டிய இதை இப்போது பலரும் பன்னிரண்டாம் நாளிலேயே முடித்துவிடுகிறார்கள். ஓராண்டுப் பயணம் பன்னிரண்டு நாளில் சுருங்குவதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை என்பதே இந்த இடைக்காலக் கணக்கு எவ்வளவு நெகிழ்வானது என்பதற்குச் சான்று.

இதில் உள்ள ஓட்டையை முதலில் சுட்டியவர்கள் உலகாயதர். சாயண மாதவரின் பதினான்காம் நூற்றாண்டுத் தொகுப்பான சர்வதர்சன சங்கிரகம் அவர்கள் வாதத்தைப் பதிந்து வைத்திருக்கிறது: இங்கே படைத்தது அங்கே போய்ச் சேருமென்றால், வெளியூர் போகிறவர் கட்டுச்சோறு சுமந்து போவானேன்? வீட்டிலேயே ஒருவருக்குச் சோறு போட்டால் போதாதா? இந்தக் கிண்டலைவிடக் கனமான கேள்வி உள்ளிருந்தே எழுந்தது. முன்னோர் தம் வினைப்படி ஏற்கெனவே எங்கோ பிறந்துவிட்டார் என்றால் திதியில் வைக்கும் சோறு அவருக்கு எப்படிச் சேரும்? மச்ச புராணம் இதை நேராகவே எடுத்துக்கொள்கிறது. வசு, உருத்திரர், ஆதித்தியர் என்னும் தேவகணங்கள் அதை ஏற்றுக் கொண்டுசேர்க்கிறார்கள். முன்னோர் தேவராய்ப் பிறந்திருந்தால் அது அமுதாகவும், விலங்காய்ப் பிறந்திருந்தால் புல்லாகவும் மாறிக் கிடைக்கும். விடை சாமர்த்தியமானதுதான். ஆனால் ஒருவர் வினைப்பயனை இன்னொருவர் மாற்றலாமா என்ற மூலக் கேள்வியை அது தொடவே இல்லை.

மெய்யியலார் வேறு வழி பார்த்தார்கள். பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத் தொடக்கம், உயிர் நுண்பூதங்களால் சூழப்பட்டே உடலை விட்டுச் செல்கிறது என்று நிறுவுகிறது. சைவ சித்தாந்தத்தில் மெய்கண்டார் பாம்பு தோலுரிப்பதையும், நனவை மறந்து கனவில் புகுவதையும் எடுத்துக்காட்டாக்குகிறார். பருவுடல் போனாலும் சூக்கும உடல் வினையைச் சுமந்து தொடர்கிறது. அனுபவிப்பவர் யார் என்ற கேள்விக்கு இது நல்ல விடை. பதினாறாம் நாள் கருமாதி எதற்கு என்பதற்கு இதில் நேரடி விடை இல்லை. துறவிகள் விஷயத்தில் மட்டும் கோட்பாடும் வழக்கும் கச்சிதமாகப் பொருந்துகின்றன: துறவு பூணும்போதே தமக்கான சிராத்தத்தைத் தாமே செய்துவிடுவதால் அவர்களுக்குப் பின்னால் பிண்டம் இல்லை, குருபூசைதான்.

தமிழ்நாட்டுக் குடும்ப வழக்குகள் இந்த நூல் எதற்கும் முழுதாகக் கட்டுப்பட்டவை அல்ல. இறந்தவரை அனுப்பிவைப்பது ஒருபுறமிருக்க, வட மாவட்டங்களில் பூவாடைக்காரி வழிபாடு இறந்தவரை வீட்டுத் தெய்வமாகத் திரும்ப அழைத்துக்கொள்கிறது. மறுபிறப்பு நம்பும் அதே குடும்பம் காக்கைக்குச் சோறு வைக்கிறது, ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறது, நடுவீட்டில் படையலும் போடுகிறது. மூன்றும் இறந்தவரை மூன்று இடங்களில் வைக்கின்றன.

வள்ளலார் இவையெல்லாவற்றையும் ஒரே வீச்சில் மறுத்தார். இறந்தவரை எரிக்க வேண்டாம், புதையுங்கள். கருமாதி, திதி எதுவும் வேண்டாம். போனவர்கள் திரும்ப எழுவார்கள் என்பது 1870களின் தொடக்கத்தில் அவர் தம்மவருக்குச் சொன்னது. தமிழ்ச் சமய மரபில் இது தனித்து நிற்கும் குரல். ஆய்வாளர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்காததும்கூட.

பௌத்தத்துக்குள் ஒரு பிளவு

நிலையான ஆன்மா இல்லை என்று சொன்ன சமயத்துக்கு இந்தக் கேள்வி இரட்டிப்புச் சங்கடம். போகிறவர் என்று ஒருவரே இல்லாதபோது இடைக்காலத்தில் இருப்பது யார்?

தேரவாதத்தின் விடை உறுதியானது: இடைக்காலம் இல்லை. அசோகர் காலத்துப் பாடலிபுத்திர சங்கத்தோடு மரபு இணைக்கும் கதாவத்து, இடைநிலைப் பிறவி என்ற கருத்தை மறுக்கிறது. புத்தர் சொன்ன மூன்று உலகங்களில் அது எதில் அடங்கும் என்பது அதன் வாதம். மிலிந்த பஞ்ஞாவில் மன்னன் மிலிந்தன், இங்கே இறந்து பிரம்மலோகத்தில் பிறப்பவர், காசுமீரத்தில் பிறப்பவர் இருவரில் யார் முதலில் சேருவார் என்று கேட்கிறான். நாகசேனரின் விடை: இருவரும் ஒரே நேரத்தில். எங்கோ தொலைவிலுள்ள ஊரையும் பக்கத்து ஊரையும் நினைக்க ஒரே நேரம்தானே ஆகிறது? ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றும்போது எதுவும் கடந்து போவதில்லை. சுடர் தொடர்கிறது, அவ்வளவே.

சர்வாத்திவாதிகள் என்ற மற்றொரு பௌத்தப் பிரிவினர் இதை ஏற்கவில்லை. வசுபந்து தம் அபிதர்ம கோசத்தின் மூன்றாம் இயலில் நெல்லை உதாரணம் காட்டுகிறார். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நெல் போய்ச் சேர்கிறதென்றால் நடுவிலுள்ள இடங்களையும் தொட்டுத்தான் போக வேண்டும். தொடர்ச்சியில் அறுபட்ட இடம் இருக்க முடியாது. ஆகவே ஒரு சாவுக்கும் ஒரு பிறப்புக்கும் நடுவே ஓர் இடைநிலைப் பிறவி உண்டு. வரப்போகும் பிறவியின் வடிவம் அதற்கு ஏற்கெனவே வந்திருக்கும். மணத்தை உண்டு வாழும். எத்தனை நாள்? இங்கே அவர் பல கருத்துகளை அருகருகே வைக்கிறார்: சிறிது நேரம், ஏழு நாள், ஏழு வாரம், வரம்பே இல்லை. ஏழு வாரக் கணக்குதான் பிற்காலத்தில் நிலைத்தது. ஜப்பானில் 49ஆம் நாள் சடங்கும் திபெத்தில் இறந்தவர் காதருகே 49 நாள் ஓதும் மரபும் அந்தக் கணக்கைச் சேர்ந்தவை. பதினான்காம் நூற்றாண்டில் கர்ம லிங்பா கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் பார்தோ தோதோல் 1927இல் ஆக்ஸ்போர்டில் ஆங்கிலத்தில் வெளியானபின், அதையே பௌத்தத்தின் பொதுக் கருத்தாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவிவிட்டது. அது திபெத்திய மரபுகளுள் நிங்மா என்ற ஒரு பிரிவின் நூல். கொழும்பிலோ யாங்கோனிலோ இருக்கும் ஒரு பிக்கு அதை ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஆனால் அந்தப் பிக்குவுக்கும் வேறொரு சிக்கல் இருக்கிறது. இடைக்காலத்தை மறுத்த தேரவாதம் இறந்தவருக்குச் செய்யும் சடங்கை மறுக்கவில்லை. இலங்கைச் சிங்கள பௌத்தச் சாவு வீட்டில் பிக்குகள் முன்னிலையில் உறவினர் கூடி, ஒரு பாத்திரத்தில் வைத்த கிண்ணம் நிறைந்து வழியும்வரை கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். அப்போது ஓதப்படுவது திரோகுட்ட சூத்திரத்தின் பகுதி. இறந்தவர்கள் சுவருக்கு வெளியிலும் நாற்சந்தியிலும் வந்து நிற்கிறார்கள் என்று தொடங்கும் சூத்திரம் அது. ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் தானம். அதன் புண்ணியம் போனவருக்கு. கோட்பாட்டின்படி போனவர் அந்தக் கணமே பிறந்துவிட்டார். பின் யார் பெறுவது? அங்குத்தர நிகாயத்தின் ஜானுஸ்ஸோணி சூத்திரத்தில் புத்தரிடமே இந்தக் கேள்வி வருகிறது. பிரேத கதியில் பிறந்தவருக்கு மட்டுமே அது சேரும். இறந்தவர் அங்கே இல்லாவிட்டால் அங்கே இருக்கும் வேறு உறவினருக்குச் சேரும் என்கிறார். இடைக்காலத்தை மூடிவிட்டு, அதன் வேலையைப் பிரேத உலகத்திடம் ஒப்படைத்த ஏற்பாடு இது. தருக்கம் பிழையில்லை, ஆனால் தண்ணீர் ஊற்றுகிறவர் மனத்தில் இருப்பது பெயர் தெரியாத ஏதோ ஓர் உறவினர் அல்லர் என்பதும் உண்மை.

மணிமேகலையில் இதே இழுபறியின் இன்னொரு வடிவம் உண்டு. நாகர் தலைவன் சாதுவனிடம், உடலை விட்ட உயிர் வேறிடம் போய்ப் புகும் என்கிறாயே, அது எப்படி என்று கேட்கிறான். உயிருள்ள உடலைக் குத்தினால் வலிக்கிறது, உயிர் போன உடலைச் சுட்டாலும் உணர்வதில்லை. ஆகவே போனது ஒன்று உண்டு என்று சாதுவன் விளக்குகிறான். காப்பியத்தின் பிற்பகுதியில் அறவண அடிகள் போதிக்கும் பன்னிரு சார்புகளோடு ஒட்டிப் பார்த்தால், இது ஆன்மவாதியின் வாய்க்கே பொருத்தமான வாதம். சாத்தனார் அறியாமல் எழுதினார் என்று கொள்வதைவிட, கேட்பவனுக்கேற்ற அளவில் சொன்னார் என்று கொள்வதே பொருந்தும்.

சமணத்தின் மறுப்பு

சமணம் மட்டும் இந்தக் கதவை இறுகச் சாத்தியது. தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் இயலின்படி, உடலை விட்ட உயிர் வினையாலான கார்மண உடலோடு நேர்கோட்டில் பாய்கிறது. திரும்ப வேண்டியிருந்தாலும் அதிகம் மூன்று திருப்பம். எடுத்துக்கொள்ளும் நேரம் சமயம் எனப்படும் காலத்தின் மிகச் சிறிய அலகில் ஓரிரண்டு, கூடினால் நான்கு. கண்ணிமைக்கும் பொழுதில் எண்ணற்ற சமயங்கள் அடங்கும். வீட்டில் அழுகை தொடங்குமுன் உயிர் அடுத்த கருவில் சேர்ந்தாயிற்று.

பத்மநாப் ஜைனி 1980இல் வெளியான ஒரு கட்டுரையில் இதன் விளைவைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். இடைக்காலம் இல்லாததால் பிரேதம் இல்லை. பிரேதம் இல்லாததால் சிராத்தமும் இல்லை. வைதிகச் சடங்குகள் பலவற்றைச் சமணப்படுத்தி ஏற்றுக்கொண்ட இடைக்காலச் சமண ஆசிரியர்கள்கூட இந்த ஒன்றை மட்டும் உள்ளே விடவில்லை. பத்தாம் நூற்றாண்டின் சோமதேவ சூரி யசஸ்திலகத்தில் பிண்டம் இடுவதை வெளிப்படையாகவே எள்ளுகிறார்.

செத்தபின் எதுவும் செய்ய முடியாதென்றால் செய்யவேண்டியதெல்லாம் சாவதற்கு முன்பே. சல்லேகனை என்னும் உண்ணாநோன்பு சமணத்தில் பெற்ற மதிப்பை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றுப் பாறையில் உள்ள பழைய கல்வெட்டு, 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நிசீதிகை (நோற்று இறந்த இடம்) அது என்று பதிவு செய்கிறது. பிற சமயங்கள் இறப்புக்குப் பின் எண்ணும் நாள்களை இந்தக் கல் இறப்புக்கு முன் எண்ணுகிறது.

இந்த நிலைப்பாட்டின் பலம் அதன் நேர்மை. பலவீனமும் அங்கேதான். துயரப்படுகிறவர் கையில் அது எதையும் தருவதில்லை. சமண இல்லறத்தாரிடமும் சூதகம் காக்கும் வழக்கம் காணப்படுவது, உயிருக்கு இல்லாவிட்டாலும் வீட்டாருக்கு ஓர் இடைக்காலம் தேவைப்பட்டது என்று எண்ண வைக்கிறது.

மூன்று இரவுகள், பதினொரு மாதங்கள்

சரதுஷ்டிர மரபில் உயிர் மூன்று இரவுகள் உடலின் தலைமாட்டிலேயே இருக்கிறது. நான்காம் நாள் விடியலில் சின்வத் பாலத்துக்குப் போகிறது. அங்கே அதை எதிர்கொள்வது அதன் சொந்தச் செயல்களின் உருவம்: நல்லவர்க்கு அழகிய கன்னி, தீயவர்க்கு அருவருப்பானவள். பார்சிகளின் நான்காம் நாள் விடியற்காலைச் சடங்கு இதற்கானது.

யூத மரபில் பழைய எபிரேய நூல்கள் காட்டும் ஷியோல், நல்லவரும் கெட்டவரும் ஒருசேர மங்கிக் கிடக்கும் இடம். உயிர்த்தெழுதல் நம்பிக்கை பிற்பட்டது. யூதப் பிரிவினருள் சதுசேயர் அதை ஏற்கவில்லை, பரிசேயர் ஏற்றனர். பரிசேயர் வழி வந்த ரபிகள், தீயவர் கெகின்னோமில் தண்டிக்கப்படுவது பன்னிரண்டு மாதம் என்றனர். மிஷ்னாவில் இது ரபி அக்கிவாவின் கூற்று. பெற்றோருக்காக மகன் சொல்லும் கதீஷ் வேண்டுதலை மட்டும் பதினொரு மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டும் சொன்னால் தன் தந்தையைத் தீயவர் பட்டியலில் தானே சேர்த்ததாகிவிடும். பதினாறாம் நூற்றாண்டில் கிராக்கோவின் மோசே இஸர்லெஸ் இதை வழக்காக உறுதிப்படுத்தினார். நீதிக்கும் உறவுக்கும் நடுவே இவ்வளவு நாசூக்கான சமரசம் வேறெங்கும் கிடைப்பது அரிது. கதீஷின் வாசகத்தில் சாவும் இல்லை, இறந்தவர் பெயரும் இல்லை, இறைபுகழ்ச்சி மட்டுமே.

அவிஞோனில் எழுந்த பூசல்

கிறித்தவத்துக்கு வந்த சிக்கல் இரண்டு தீர்ப்புகளால் வந்தது. உலக முடிவில் எல்லோரும் உடலோடு எழுந்து தீர்ப்புப் பெறுவார்கள் என்பது ஆதி நம்பிக்கை. தனி மனிதர் இறந்ததுமே தம் நிலையை அடைகிறார் என்ற எண்ணமும் தொடக்கத்திலேயே இருந்தது. அப்படியானால் கடைசித் தீர்ப்பில் புதிதாக என்ன நடக்கும்?

1331 புனிதர் அனைவர் திருநாளில் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் அவிஞோனில் ஒரு பிரசங்கம் செய்தார். இறந்த நல்லவர்களின் ஆன்மாக்கள் இப்போது கடவுளை நேரே காண்பதில்லை. கடைசித் தீர்ப்புக்குப் பிறகே காண்பார்கள், அதுவரை பலிபீடத்தின்கீழ் இளைப்பாறுகிறார்கள் என்றார். கொந்தளிப்பு எழுந்தது. பாரிஸ் இறையியலாளர்கள் எதிர்த்தார்கள். பிரான்சு மன்னர் தலையிட்டார். எதிர்த்துப் பிரசங்கித்த தாமஸ் வாலிஸ் என்ற ஆங்கிலேயத் துறவி சிறையில் அடைக்கப்பட்டார். வெறும் ஏட்டுச் சிக்கலாக இருந்திருந்தால் இத்தனை வேகம் வந்திராது. புனிதர்கள் இன்னும் கடவுள் முன் போய்ச் சேரவில்லை என்றால் அவர்களிடம் பரிந்துரை கேட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு என்ன பொருள்? 1334 டிசம்பரில், இறப்பதற்கு முந்திய நாள், ஏறத்தாழத் தொண்ணூறு வயதில், யோவான் தம் கருத்தைத் திரும்பப் பெற்றார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336இல் விடுத்த ஆணை, தூய்மை பெற்ற ஆன்மாக்கள் உடனே கடவுளைக் காண்கின்றன என்று வழக்கை முடித்தது.

முழுத் தூய்மை பெறாதவர்கள் போகுமிடம் உத்தரிக்கிற ஸ்தலம். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் ல கோப் 1981இல் எழுதிய நூலில், தனி இடம் என்ற தெளிவான வடிவத்தை அது பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பெற்றது என்று வாதிட்டார். அகுஸ்தீனிடமும் பெரிய கிரகோரியிடமும் இதன் கூறுகள் முன்பே முழுமையாக உள்ளன என்பது எதிர்த்தரப்பு. 1274 லியோன் சங்கமும் 1439 புளோரன்சு சங்கமும் கோட்பாட்டை வகுத்தன. கீழைத் திருச்சபையினர் தூய்மைப்படுத்தும் நெருப்பை மறுத்தார்கள். ஆனால் மூன்றாம், ஒன்பதாம், நாற்பதாம் நாள் நினைவு வழிபாடுகளை விடவில்லை. வேண்டுதல் சேரும் என்பதில் இரு சபையும் ஒன்று. எப்படிச் சேரும் என்பதில் வேறு.

லூத்தரின் 1517 எதிர்ப்பு பாவப்பலன் சலுகைச் சீட்டு வணிகத்தில் தொடங்கி விரைவில் அடித்தளத்துக்கே போனது. கத்தோலிக்கர் காட்டிய முக்கியச் சான்று மக்கபேயர் இரண்டாம் நூல். போரில் மாண்ட வீரர்களின் ஆடைக்குள் சிலைவழிபாட்டுத் தாயத்துகள் கிடந்தன. யூதா மக்கபே இரண்டாயிரம் திராக்மா வெள்ளி திரட்டி, அவர்களுக்காகப் பாவப்பரிகாரப் பலியிட எருசலேமுக்கு அனுப்பினார். சீர்திருத்தவாதிகள் அந்த நூலையே வேதத் தொகுப்பில் சேர்க்கவில்லை. சீர்திருத்தத் தரப்பிலும் ஒற்றுமை இல்லை: இறந்தவர் உயிர்த்தெழும்வரை உறங்குகிறார் என்ற கருத்தின் பக்கம் லூத்தர் பலமுறை சாய்ந்தார், கால்வின் அந்த உறக்கக் கருத்தை மறுத்துத் தனி நூலே எழுதினார். திரெந்து சங்கம் 1563இல் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்று சுருக்கமாகச் சொல்லி, நுணுக்கமான கேள்விகளைப் பாமரர் முன் பேச வேண்டாம் என்று ஆயர்களுக்கு அறிவுறுத்தியது.

இந்தப் பிளவு தமிழ்க் கிறித்தவர்களிடம் அப்படியே தெரிகிறது. கத்தோலிக்கக் குடும்பம் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஆன்மாக்களுக்காகப் பூசை கேட்கிறது. சீர்திருத்த சபைக் குடும்பம் இறந்தவருக்காக வேண்டுவதில்லை. ஆனால் ஆண்டு நிறைவில் நினைவு ஸ்தோத்திரக் கூட்டம் நடத்துகிறது. முகவரி மாறியிருக்கிறது, நினைவு நாள் வைப்பது மாறவில்லை.

கபரில் கேட்கப்படும் கேள்விகள்

இறந்தவர்களுக்கும் எழுப்பப்படும் நாளுக்கும் நடுவே ஒரு தடுப்பு, பர்ஸக், இருப்பதைக் குர்ஆனின் 23ஆம் அத்தியாயம் சொல்கிறது. அந்த இடைக்காலத்தில் நடப்பவற்றை விரிவாகத் தருபவை ஹதீஸ்கள். முன்கர், நகீர் என்ற வானவர் இருவர் கபரில் (அடக்கக் குழியில்) வந்து, உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார் என்று கேட்பார்கள். இந்தப் பெயர்கள் குர்ஆனில் இல்லை. முஃதஸிலா என்ற இறையியல் பிரிவினரில் சிலர் கபர் வேதனையை ஏற்கவில்லை என்று பழைய நூல்கள் குறிக்கின்றன. அஷ்அரீ இறையியல் மரபு அதை நம்பிக்கையின் பகுதியாகவே நிறுத்தியது.

இறந்தவர் கேட்பாரா என்பதில் நபித்தோழர் காலத்திலேயே இரு கருத்து உண்டு. பத்ருப் போருக்குப்பின் கிணற்றில் போடப்பட்ட எதிரிகளின் சடலங்களை நோக்கி நபியவர்கள் பேசியதாகவும், நான் சொல்வதை நீங்கள் அவர்களைவிட நன்றாகக் கேட்கவில்லை என்று தோழர்களிடம் சொன்னதாகவும் அறிவிப்பு இருக்கிறது. ஆயிஷா அவர்கள், இறந்தவர்களைக் கேட்கச் செய்ய முடியாது என்ற குர்ஆன் கருத்தைக் காட்டி அதை வேறு விதமாக விளக்கினார்கள்.

உயிரோடிருப்பவர் செய்வது சேருமா என்பதில் பிரச்சினை இன்னும் கூர்மை. மனிதருக்கு அவர் முயன்றதே உண்டு என்று 53ஆம் அத்தியாயம் சொல்கிறது. நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, துஆ கேட்கும் நல்ல பிள்ளை ஆகிய மூன்றும் இறந்தபின்னும் தொடரும் என்கிறது ஹதீஸ். ஹஜ், தர்மம், துஆ சேரும் என்பதில் பெரிய தகராறு இல்லை. குர்ஆன் ஓதிய நன்மை சேருமா? சேராது என்பதே ஷாஃபி மத்ஹபின் பிரபலமான கருத்து என்று இமாம் நவவி பதிந்திருக்கிறார். ஆனால் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஷாஃபி மரபுக் கடற்கரை ஊர்களில்தான் இறந்தவருக்காகக் குர்ஆனைக் கத்தம் ஓதுவதும், மய்யித்தை அடக்கியபின் கபர் கேள்விகளுக்கான விடையை நினைவூட்டும் தல்கீன் சொல்வதும் ஆழமாக வேரூன்றியிருக்கின்றன. ஓதி முடித்து, இதுபோன்ற நன்மையைச் சேர்ப்பாயாக என்று துஆ கேட்டால் சேரும் என்பது பிற்கால ஷாஃபி அறிஞர்கள் கண்ட வழி.

தமிழ்நாட்டின் தவ்ஹீத் இயக்கங்கள் மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் பாத்திஹாக்களை ஆதாரமற்றவை என்று கடுமையாக எதிர்த்துவருகின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீர்திருத்தவாதிகள் உலகெங்கும் மேற்கோள் காட்டும் இப்னு கய்யிம் (இறப்பு 1350) தம் கிதாபுர் ரூஹில், இறந்தவர் தம்மைக் காண வருபவரை அறிகிறார் என்றும் ஓதிய நன்மை சேரும் என்றும் நீளமாக வாதிடுகிறார்.

விளக்கங்களும் அவற்றின் குறைகளும்

சமயத்துக்கு வெளியே நின்று இடைக்காலத்தை விளக்கியவர்களை இரண்டு தரப்பாகப் பார்க்கலாம்.

முதல் தரப்பு: எல்லாம் புரோகிதரின் பிழைப்பு. உலகாயதர் தொடங்கிவைத்த இந்த வாதம் லூத்தர் வழியாகவும் சுயமரியாதை இயக்கம் வழியாகவும் வேறு வேறு குரலில் தொடர்கிறது. சலுகைச் சீட்டு விற்பனையை நினைத்தால் இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கதீஷைச் சொல்பவர் மகன்தான், புரோகிதர் அல்லர். எவ்வியின் மனைவி பிண்டம் வைத்த இடத்தில் புரோகிதர் யாரும் தென்படவில்லை. தேவை முன்பே இருந்தது. வணிகம் அதன்மேல் வந்து அமர்ந்தது என்பதே பொருத்தமாகப்படுகிறது.

இரண்டாம் தரப்பு, 1907இல் பிரெஞ்சு சமூகவியலாளர் ராபர்ட் எர்ட்ஸ் எழுதிய கட்டுரை. போர்னியோவின் தயாக் மக்கள் சடலத்தை முதலில் தற்காலிகமாக வைத்து, எலும்பு மட்டும் மிஞ்சியபின் பெருவிழா எடுத்து இறுதி அடக்கம் செய்கிறார்கள். சடலம் அழியும் காலமும், உயிர் அலையும் காலமும், உறவினர் விலக்குக் காக்கும் காலமும் ஒன்றே என்று எர்ட்ஸ் காட்டினார். சமூகம் தன் உறுப்பினர் ஒருவரை ஒரே கணத்தில் இழக்க முடியாது. விடுவிக்க நாள் பிடிக்கிறது. முதல் உலகப்போரில் 1915இல் முப்பத்துமூன்று வயதில் மாண்ட எர்ட்ஸின் இந்தக் கருத்தே இன்றும் பல ஆய்வுகளின் அடித்தளம். சபிண்டீகரணம், நாற்பதாம் நாள், 49ஆம் நாள் எல்லாம் இதில் நன்றாகவே அடங்குகின்றன.

அடங்காதது சமணம். துயரமும் விலக்கும் அங்கும் உண்டு. ஆயினும் கோட்பாடு அசையவில்லை. இங்கிலாந்தில் 1547 சட்டம் இறந்தவருக்கான பூசை அறக்கட்டளைகளைக் கலைத்தபின், தலைமுறைகளாக நடந்த வழக்கு கோட்பாட்டின் அழுத்தத்தில் மறைந்தும் போனது. சமூகத் தேவை கோட்பாட்டைப் படைக்கிறது என்பது பாதி உண்மை; கோட்பாடு தேவையை அடக்கவும் செய்கிறது. எர்ட்ஸின் விளக்கத்தில் இந்தப் பாதிக்கு இடம் குறைவு.

எஞ்சி நிற்பவை

மறுபிறப்புச் சமயங்கள் ஒருபக்கம், தீர்ப்புச் சமயங்கள் மறுபக்கம் என்று பிரிக்கும் வழக்கமான கோடு இந்தக் கேள்வியில் பெரிதாக உதவவில்லை. இடைக்காலத்தை மறுப்பதில் தேரவாதமும் சமணமும் நெருக்கம். ஆனால் இறந்தவருக்கு உதவ முடியும் என்பதில் தேரவாதம் கத்தோலிக்கத்தின் பக்கம் நிற்கிறது. உதவ முடியாது என்பதில் சமணத்துக்கு அருகில் வருவது சீர்திருத்தக் கிறித்தவம். இந்த ஒழுங்கில் சமயங்களை மறுபடி வரிசைப்படுத்திப் பார்க்கும் ஆய்வு இன்னும் தேவை.

வினை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறுமா என்பதற்கு எந்த மரபும் தன் எதிர்த்தரப்பை முழுதும் அமைதிப்படுத்தும் விடை தரவில்லை. மச்ச புராணமும் ஜானுஸ்ஸோணி சூத்திரமும் பிற்கால ஷாஃபி அறிஞர்களும் கொடுத்தவை வழி ஏற்படுத்தும் விடைகள். மூலக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

சடங்கு முந்தியதா, கோட்பாடு முந்தியதா? யூதா மக்கபே வெள்ளி திரட்டிய செய்தியைச் சொன்னபின்தான் அந்நூலாசிரியர் உயிர்த்தெழுதலைக் காட்டி அதற்கு நியாயம் சொல்கிறார். பிண்டம் இடும் வழக்கு இருந்தபின்தான் அது எப்படிச் சேரும் என்ற கேள்வியைப் புராணம் எடுத்துக்கொள்கிறது. கிடைக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால் சடங்கே முந்தியது என்பதற்குச் சற்றுக் கூடுதல் இடம் இருக்கிறது. ஆனால் கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு சிராத்தத்தை நூற்றாண்டுகளாக வெளியே நிறுத்திய சமணத்தை விளக்கும்வரை, அதைப் பொது விதியாக ஏற்க முடியாது.